கருணைக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் தெருக்கோடியில் ஒரு டீச்சரம்மா குடியிருக்கிறார். அரசு நடுநிலைப் பள்ளியில் உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலங்களில் என் மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வருவார். சில வாரங்களுக்கு முன்னால் அப்படி வந்தவர் மிகவும் களைத்துப் போயிருந்தார்.

"என்னம்மா, இன்றைக்கும் பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் இல்லை சார், பயிற்சி. மாணவர் மனநலமும் உள்ளடக்கிய கல்வியும்" என்றார்.

தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் படித்த காலத்தில் மாணவனுக்கு மனம் என்று ஒன்று இருப்பதை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. முதுகு இருப்பது மட்டுந்தான் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆவலோடு, "என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று விசாரித்தேன்.

"திரையில் எழுத்தைக் காட்டி, அதையே வாசித்தார்கள் சார். எல்லாக் குழந்தைகளையும் அன்போடு நடத்த வேண்டுமாம். என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். வாய்க்கணக்கில் அவன்தான் முதலில் விடை சொல்லுவான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு வரி வாசிக்க வராது, வியர்த்துப் போய்விடுவான். அவனுக்கு என்ன செய்யலாம் என்று எழுந்து கேட்டேன். 'நல்ல கேள்வி, கடைசியில் பார்க்கலாம்' என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது."

அந்தப் பையனுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நம் தேசத்தில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் தடை செய்தது. குழந்தை பயமும் பதைப்பும் இல்லாமல் படிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-இல் வந்த சட்டம் அவற்றை 21 ஆக்கிற்று. ஆட்டிசமும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராத கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓர் ஆசிரியர் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எழுதி வைத்தது. அந்தக் கொள்கையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் வேறு விஷயங்களுக்காகச் சண்டை போடட்டும். ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

ஆக, சட்டம் பள்ளிக்கூடத்து வாசல்வரை வந்து நிற்கிறது. அதற்கப்பால் டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது வகுப்புக்குள் நுழைய முடியும். அந்தக் கையை நாம் எப்படித் தயார் செய்கிறோம்?

2019-இல் மத்திய அரசு 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் புறப்பட்டது. அந்தத் திட்டத்துக்கு 'நிஷ்டா' என்று பெயர். மறு வருஷம் கொரோனா வந்ததும் பயிற்சியை இணையத்துக்கு மாற்றினார்கள். அந்த இணையத் தளத்துக்கு 'தீக்ஷா' என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டோ இல்லையோ எனக்குத் தெரியாது. நிஷ்டை கூட ஆண்டுக்கணக்காகும் என்பார்கள். சான்றிதழ் கூடச் சில மணி நேரம் போதும். தீட்சை என்றால் எதிரில் குரு உட்கார வேண்டும். இங்கே கைப்பேசி உட்கார்ந்திருக்கிறது. படத்தை ஓடவிட்டுவிட்டு அடுப்படியைக் கவனித்த ஆசிரியைகளும் இருப்பார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்க இடமில்லாத இடத்தில் காது மட்டும் எவ்வளவு நேரந்தான் விழித்திருக்கும்?

நேரில் நடக்கும் பயிற்சிகளின் கதை வேறு. தலைநகரத்தில் சிலர் கற்று வந்து மாவட்டத்தில் சொல்லுவார்கள். மாவட்டத்தில் கேட்டவர் வட்டாரத்தில் சொல்லுவார். வட்டாரத்தில் கேட்டவர் டீச்சரம்மாவிடம் சொல்லுவார். தயிர் மோராகி, மோர் நீர்மோராகி, கடைசியில் பெருங்காய வாசனை மட்டும் வந்து சேருகிறது. 'அன்போடு நடத்துங்கள்' என்பது அந்த வாசனைதான். அன்போடு நடத்த வேண்டும் என்று தெரியாத ஆசிரியர் எவருமில்லை. வாசிக்க வராமல் வியர்த்துப் போகிற பையனிடம் திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாதது.

பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். "எங்கள் காலத்து வாத்தியார் எந்தப் பயிற்சிக்குப் போனார்? எங்களைச் சொந்தப் பிள்ளையாகப் பார்க்கவில்லையா?" பார்த்தார், மறுக்கவில்லை. ஆனால் யாரைப் பார்த்தார்? படிப்பு வந்தவனைப் பார்த்தார். வராதவன் மாடு மேய்க்கப் போனான், மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போனான். பழைய வாத்தியாரைப் புகழ்ந்து எழுதியவர்கள் அத்தனை பேரும் அவரிடம் தேறியவர்கள். தேறாதவனுக்கு எழுதத் தெரியாது. ஆகவே அவன் கட்சி இன்றுவரை அச்சேறவில்லை. காது மந்தமான பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணிக் காதைத் திருகிய வாத்தியார் கெட்டவரல்லர். அந்தக் காதிலேதான் கோளாறு என்று அவருக்குத் தெரியாது. மருந்து தெரியாத பாசத்தால் ஜுரம் இறங்குவதில்லை.

அப்படியானால் தெரிந்துகொள்வது எப்படி? இதற்கு விடை தேடி நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை; விடையே ஒரு தடவை கடல் தாண்டி நம் ஊருக்கு வந்தது. இத்தாலியில் டாக்டராக இருந்த மரியா மாண்டிசோரி, மூளை வளர்ச்சி இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே தம் வேலையைத் தொடங்கியவர். எல்லாக் குழந்தைகளுக்குமான பள்ளியை 1907-இல்தான் ரோமாபுரியில் திறந்தார். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் கற்ற பாடத்தைத்தான் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தத்தினால் ஊர் திரும்ப முடியாமல் பல வருஷம் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் ஆசிரியருக்கு முதல் வேலை, குழந்தையைப் பார்ப்பது. குறுக்கே பேசாமல், திருத்தாமல், எங்கே தயங்குகிறது, எதில் லயிக்கிறது என்று குறித்துக்கொண்டு பார்ப்பது.

அந்த அம்மையாரிடமிருந்து நாம் மரக்கட்டைகளையும் மணிகளையும் எடுத்துக்கொண்டோம். பெயரை எடுத்து நர்ஸரிப் பள்ளிப் பலகைகளில் மாட்டிக்கொண்டோம். பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டோம். பார்ப்பதற்குக் கட்டணம் வசூலிக்க முடியாதல்லவா?

பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி. அது மண்டபத்தில் நடக்கிற காரியமே இல்லை. பிள்ளை இருக்கும் இடத்தில், வகுப்பறையில், விஷயம் தெரிந்த ஒருவர் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அதோ பாருங்கள், அவன் வரியைத் தவற விடுகிறான்" என்று காட்டினால் நடக்கும். அந்த ஒருவர் சிறப்புப் பயிற்றுநர். நம் மாநிலத்தில் அவர் வட்டாரத்துக்குள் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார், ஒப்பந்தச் சம்பளத்தில். அவருக்கே நாளை என்னவென்று நிச்சயமில்லாதபோது பிள்ளையின் நாளைக்கு அவர் எப்படி ஜவாப் சொல்வார்?

இன்னொன்று. பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர் மட்டுந்தானா? 1956-இல் காமராஜர் ஆட்சி மதிய உணவைத் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை நாம் நாட்டுக்கே எடுத்துக் காட்டினோம். அந்தச் சோற்றைப் பரிமாறுகிற அம்மாளுக்குத்தான் தெரியும், மூன்று நாளாகத் தட்டைத் தொடாமல் எழுந்து போகிற பெண் எவளென்று. வாசலில் நிற்கிற காவல்காரருக்குத் தெரியும், எந்தப் பையன் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து தனியாக வீட்டுக்குப் போகிறான் என்று. இவர்களை எந்தப் பயிற்சிக்கு யார் அழைத்தார்கள்? கண்ட விஷயத்தை யாரிடம் சொல்லுவது என்றாவது இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோமா?

தனியாகப் போகிற பையன் என்று சும்மா எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை நியமித்தது, பள்ளிகளில் சாதியை ஒழிப்பது பற்றி அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். உள்ளடக்கிய கல்வி என்றதும் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்வுப் பாதை என்று மட்டும் நினைப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும். நம் ஊரில் பிள்ளையை வெளியே நிறுத்துகிற முதல் கதவு சாதி. அரிவாள் ஒரே நாளில் எழும்புவதில்லை. அதற்கு முன் பெஞ்சு மாறியிருக்கும், பட்டப்பெயர் பிறந்திருக்கும், கையில் வண்ணக் கயிறு ஏறியிருக்கும். அவற்றைப் பார்க்கிற கண்ணுக்குப் பயிற்சி வேண்டாமா? பார்த்தவர் தாமும் அந்தக் கயிற்றுக்குள் கட்டுண்டவரானால் அதை அவிழ்த்துக்கொள்ளவும் பயிற்சி வேண்டாமா?

அதிகாரிகளை இவ்வளவு திட்டிவிட்டு உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தில் எழுத்துக் கூட்ட வராத சிறுவனைப் பார்த்து நாமெல்லோரும் கைக்குட்டையை நனைத்தோம். அதே மாதிரி ஒரு பையன் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், தலைமையாசிரியரிடம் போய், "இவளுக்கு செக்‌ஷன் மாற்றுங்கள், படிப்புக் கெடுகிறது" என்கிறோம். மார்க்கு ஒன்றையே கேட்டு வாங்குகிற பெற்றோர் இருக்கும்வரை பள்ளிக்கூடமும் அதை ஒன்றையே விற்கும். டீச்சரம்மா ஒரு பிள்ளையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தால், அந்தப் பத்து நிமிஷத்தை உங்கள் பிள்ளையிடமிருந்து திருடிவிட்டதாக எண்ணாதீர்கள். தடுமாறுகிறவனுக்காக நிற்கத் தெரிந்த வகுப்பில் படிப்பதும் ஒரு படிப்பு. உங்கள் பிள்ளையும் என்றைக்காவது தடுமாறும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. 50 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதியையாவது மண்டபத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் சொன்னபடி தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைக் கொடுங்கள். பார்க்க நேரமிருந்தால்தான் பார்ப்பார். சிறப்புப் பயிற்றுநரை விருந்தாளியாக அனுப்பாமல் பள்ளியின் மனிதராக நியமியுங்கள். சோறு போடுகிற அம்மாளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவமானப்படுத்தி வேலை வாங்கப்பட்ட ஆசிரியர் அந்த அவமானத்தைப் பிள்ளையிடந்தான் இறக்கி வைப்பார். ஆகவே ஆய்வுக்குப் போகிற அதிகாரி முதலில் தம் குரலைத் தணித்துக்கொள்ளட்டும்.

போன சனிக்கிழமை டீச்சரம்மா மறுபடி வந்திருந்தார். முகத்தில் தெளிவு இருந்தது.

"சிறப்புப் பயிற்றுநர் வந்திருந்தார் சார். ஒரு பீரியட் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் மாதிரி வெட்டிப் புத்தகத்தின்மேல் வைத்தார். இத்தனை நாளும் பக்கம் முழுவதும் ஒரே சமயத்தில் மேலே வந்து விழுந்ததாம் அவனுக்கு. இப்போது ஒவ்வொரு வரியாக நகர்த்தி வாசிக்கிறான். மெதுவாகத்தான். ஆனால் வியர்க்கவில்லை."

ஒரு நாள் முழுவதும் நடந்த பயிற்சி கொடுக்காததை, நாற்பது நிமிஷமும் ஒரு காலண்டர் அட்டையும் கொடுத்துவிட்டன. சான்றிதழ் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

"அவர் மறுபடி எப்போது வருவார்?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். அவருக்கு இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்கிறது."