ஜீப் ஏற முடியாதவர்களின் கூலி

கம்பத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டீக்கடைகளுக்கு முன்னால் ஜீப்புகள் நிற்கும். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கு அந்த நேரத்தில் யாருக்கும் கிடையாது. கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்கி, செடியின் தூரடியில் தரையோடு கிடக்கும் சரங்களிலிருந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது திரும்புவார்கள். கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி எனப் பள்ளத்தாக்கு முழுவதும் இதே காட்சிதான். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா கூடாதா என்ற விவாதத்தை நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஆனால், அது எனக்குப் பிடிபட்டது இந்த ஜீப்புகளின் பக்கத்தில் நின்றபோதுதான்; அதுவும் தாமதமாகத்தான்.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கூலி கொடுத்த கூட்டத்தைச் சேர்ந்தவன். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றே கால் ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. கவாத்து வெட்ட வந்த ஆண்களுக்கு ஒரு கூலி, கொடி கட்டவும் பழம் பறிக்கவும் வந்த பெண்களுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். பெட்டிக் கணக்கு, உரக் கணக்கு, மருந்துக் கணக்கு எல்லாம் நோட்டில் இருந்தன. அரசு அறிவித்திருந்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்ற வரி மட்டும் அதில் ஒருநாளும் இல்லை. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடுத்தது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், சனிக்கிழமை பட்டுவாடாவில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ‘ஊர் வழக்கம்’ என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்த நாட்களில் சட்டப்பூர்வக் கூலி உயர்வை எதிர்த்தும் பேசியிருக்கிறேன். என் வாதம் எளிமையானது. ஊரில் நடைமுறைக் கூலியே பல வேலைகளில் அரசாணைக் கூலியைத் தாண்டிவிட்டது. அப்படியிருக்க, ஆணையைத் திருத்துவதால் யாருக்கு என்ன லாபம்? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23இல் கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470 ரூபாய், அகில இந்திய அளவில் 346 ரூபாய். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூலிதான் இந்தப் பக்கத்துக் கூலியையும் இழுத்து மேலே கொண்டுவந்தது. ‘இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டேன், நாளைக்கு ஜீப்புல போயிடுவேன்’ என்று சொல்ல முடிந்த பெண்ணுக்கு அரசாணை தேவைப்படவில்லை. அவருடைய பேரம் ஜீப்பில் இருந்தது.

அந்த ஜீப் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு முறை பார்த்துவிட்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது எல்லை மூடியது. தோட்டங்களில் தங்கியிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி ஓடிவந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கு. இரண்டு முறையும் மேலே காய் எடுக்க ஆளில்லை. கீழே வேலைக்கு மிஞ்சி ஆள் இருந்தார்கள். அந்த டிசம்பரில் எங்கள் பந்தலுக்கே வேலை கேட்டு வந்தார்கள். வழக்கமாக முதல் கேள்வி ‘சம்பளம் என்ன?’ என்பதாக இருக்கும். அந்த மாதம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, ‘வேலை இருக்கா?’ என்று மட்டும் கேட்டார்கள். ஊர் வழக்கம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது வழக்கமே இல்லை, வேறு இடத்துக்குப் போக வழி இருக்கிறதா இல்லையா என்பதன் விலை அது என்று அப்போது உறைத்தது.

பொருளியலில் இதற்குப் பெயர் உண்டு. வேலை கொடுப்பவர் ஒருவரோ சிலரோ மட்டும் இருந்து, வேலை செய்பவருக்குப் போக்கிடம் இல்லாத சந்தையில் கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழேயே தேங்கி நிற்கும் என்பதை 1933இலேயே ஜோன் ராபின்சன் விளக்கினார். அத்தகைய சந்தையில் கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலை குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் துரித உணவுக் கடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் வேலை குறைந்ததற்கான தடயம் இல்லை என்றார்கள். அந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பதற்காக, பர்கர் கடையின் முடிவைத் திராட்சைப் பந்தலுக்கு அப்படியே மாற்றி எழுத நான் துணிய மாட்டேன்.

நமக்கு நெருக்கமான சான்று நூறு நாள் வேலைத் திட்டத்தில் இருக்கிறது. அத்திட்டம் மாவட்டம் மாவட்டமாக விரிந்த காலத்தை ஆராய்ந்த கிளெமான் இம்பெர்ட், ஜான் பாப் ஆகியோர், தனியார் வேலைகளில் தினக்கூலி ஏறத்தாழ 4.7 சதவீதம் உயர்ந்ததாக 2015இல் வெளியான கட்டுரையில் கணக்கிட்டார்கள். தனியார் வேலையில் கழிந்த நாட்கள் குறைந்தன என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆட்கள் வேறு வேலைக்கு நகர்ந்ததன் விளைவு அது. ‘நூறு நாள் வேலை வந்து ஆள் கிடைக்கவில்லை’ என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் புலம்பியது பொய்யில்லை என்பதை இந்த எண் ஒத்துக்கொள்கிறது. அவர்களுடைய புலம்பலும் கூலிக்காரர்களின் கையில் கூடுதலாக வந்த சில ரூபாய்களும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

அப்படியானால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் யாருக்கு? எங்கள் பந்தலில் நெடுங்காலம் வேலை பார்த்த அக்கா ஒருவர் இளவயதில் மலைக்குப் போனவர். பிறகு கீழேயே நின்றுவிட்டார். காரணம் கேட்டேன். “முட்டி தேஞ்சு போச்சு சார். ஜீப்புல ஏறி எறங்க முடியல. இனி கீழ என்ன குடுக்குறாகளோ அதான்” என்றார். கூலிப் பொருளாதாரம் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. கைக்குழந்தையை விட்டுப் போக ஆளில்லாதவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், மூச்சிரைப்பு உள்ளவர், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் எல்லோரும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். நகரத்துக்குள் வந்தால் தனியார் பள்ளி ஆயா, மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், கிளினிக்கில் கூட்டித் துடைப்பவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர். கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. நாற்காலியையே கேட்டு வாங்க முடியாதவர் கூலியை எப்படிப் பேரம் பேசுவார்? ஜீப் ஏற முடிந்தவர்களைக் கணக்கில் வைத்து ‘அரசாணை தேவையில்லை’ என்று சொன்ன நான், ஏற முடியாதவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்தக் கூலி எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய டாக்டர் அய்க்ராய்டின் கணக்கை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு-விளக்குக்கு 20 சதவீதம் என்று வரையறுத்தது. கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தை 1991இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால், அதற்குள் ஒரு வரி உறுத்துகிறது. உழைக்கும் கணவன் ஒரு அலகு, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6, ஆக மூன்று அலகு. பெண்ணின் வருமானம் கணக்கில் சேராது. ஐந்தரை மணி ஜீப்பில் ஏறுகிற பெண் அந்தக் கணக்கில் முக்கால் வயிற்றுக்குச் சற்று மேலான ஒரு ‘மனைவி’. கணவன் குடித்தே செத்துப்போன வீடுகளும், வயதான பெற்றோரைத் தாங்கும் வீடுகளும் நிறைந்த பள்ளத்தாக்கில் இந்தச் சூத்திரத்தைத் திருத்தாமல் உயர்த்தப்படும் எந்தக் கூலியும் குறைக் கூலியே. மத்திய அரசு அறிவித்த தேசியத் தரைமட்டக் கூலியோ 2017இல் நாளொன்றுக்கு 176 ரூபாய். அரசே அமைத்த அனூப் சத்பதி குழு 2019இல் 375 ரூபாய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை கோப்பில் கிடந்தது.

சிறு விவசாயியின் பக்கம் பேசாமல் இந்தக் கட்டுரையை நான் முடிக்க முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், பந்தலடியில் விலை சொல்பவர் இன்றும் வியாபாரிதான். பழம் அழுகும் பொருள். இரண்டு நாள் மழை போதும், கேட்ட விலைக்குக் கொடுக்க. விவசாயியிடம் போய் ‘கூலியை உயர்த்து’ என்றால், ‘எந்தப் பையிலிருந்து?’ என்பார். பத்து ஆண்டுகளில் அறுவடை இயந்திரம் நெல் அறுக்கும் பெண்களின் கொத்துகளைக் கலைத்ததையும் நான் பார்த்தேன். கூலி கூடினால் முதலில் கழித்துக்கட்டப்படுவது முட்டி தேய்ந்த அக்காதான் என்ற அச்சம் கற்பனையில்லை. என் நிலைப்பாட்டின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஆயினும், விவசாயியின் இடர் விலையில் இருக்கிறது. விலையில் விழுந்த ஓட்டையைக் கூலியில் அடைக்கும் பழக்கம் ஒருவழிப் பாதையாகவே இருந்து வருகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது; சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே போனது. விலை விழுந்தபோது ‘கூலி கட்டுப்படியாகாது’ என்ற குரல் மலையெங்கும் கேட்டது. விலை வானத்தில் இருந்தபோது காய் எடுத்தவரின் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள், சங்கத் தலைவர்களை விலகியிருக்கச் சொல்லிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’யாகத் தெருவில் உட்கார்ந்தபோதுதான் இந்த ஒருவழிப் பாதை வெளியே தெரிந்தது. குறைக்கப்பட்டிருந்த போனஸ் 20 சதவீதமாகத் திரும்பியது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலிக்கு 500 கேட்டார்கள், 301 கிடைத்தது. அதையும் கட்டுப்படியாகாது என்றுதான் முதலில் சொன்னார்கள்.

ஆகவே, என் முடிவு இரண்டு கால்களில் நிற்கிறது. கூலியின் தரைமட்டத்தைச் சட்டம் உயர்த்த வேண்டும். வேறு வேலைக்குப் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது அரசிதழில் தூங்கும். இரண்டாவது மட்டும் இருந்தால் ஏற முடிந்தவர்களுக்கே உதவும். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பை நீக்கி எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலியை உரிமையாக்கியிருக்கிறது. மத்திய அரசு நிர்ணயிக்கும் தரைமட்டத்துக்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால், அடுத்த மாதமே நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம், நாட்களை 125 ஆக்கிவிட்டு, விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்க இடம் தருகிறது. கூலியைப் பேசக் கூடிய நாட்களே அவைதான். ஒரு கையால் தரை போட்டு, மறு கையால் ஜீப்பை நிறுத்துகிற வேலை இது.

எங்கே தொடங்குவது என்றால், சந்தையில் விலை சொல்லக் கூடியவர்களிடமிருந்து: கடைகள், தனியார் பள்ளிகள், மருத்துவமனைகள், மண்டபங்கள், ஒப்பந்ததாரர் மூலம் ஆள் எடுக்கும் உள்ளாட்சிகள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறு விவசாயிக்குக் குளிர்பதனக் கிடங்கும் நேர்மையான கொள்முதலும் கிடைக்க வழிசெய்துவிட்டு அவரிடமும் அதே கூலியைக் கேட்கலாம்; விலக்கு மட்டும் தரக் கூடாது. எனக்குக் கிடைத்த விலக்கின் கணக்கை நான் அறிவேன்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு கோரிக்கை. ஜீப்புகள் நிற்கும் அந்த டீக்கடை முக்கில் நகைக்கடை விளம்பரம் இருக்கிறது, பூச்சிமருந்து விளம்பரம் இருக்கிறது, தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்து இருக்கிறது. எந்த வேலைக்கு இன்று சட்டப்படி என்ன கூலி, குறைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுதிய பலகை ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நான் அங்கே பார்த்ததில்லை. மாவட்டத் தொழிலாளர் துறை முதலில் அதை வைக்கட்டும்.

- கட்டுரையாளர், தொழிலாளர் பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).