ஒரு தவணைத் தோழமை

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் பழைய நாளைப் போற்றுவனவாகவே அமைகின்றன. அது குறையன்று. தம்மை ஆளாக்கிய கல்லூரியை எண்ணும்போது நெஞ்சு நெகிழாதார் யார்? ஆயினும், இம்மலருக்கென எழுத அமர்ந்த எமக்கு, சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே விருந்தினர் ஒருவர் கேட்ட கேள்வியொன்று குறுக்கே வந்து நிற்கின்றது. அதற்கு விடை கூறாது பழம்பெருமை பேசுதல் முறையாகாது எனக் கருதி, அக்கேள்வியையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

1982ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கல்லூரிகள் சில ஒன்றுகூடி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கின. அதன் வழியாக அந்நாட்டு மாணவர் சிலர் ஓர் அரையாண்டுக்குக் கண்டியிலே தங்கி, இந்நாட்டின் மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றைக் கற்றுச் சென்றனர். அவர்கள் விடுதிகளிலே ஒதுங்கியிருக்கவில்லை. கண்டி நகரத்துக் குடும்பங்களின் இல்லங்களிலே அவ்வீட்டுப் பிள்ளைகளைப் போல உண்டு உறங்கிப் படித்தனர். தொண்ணூறுகளின் தொடக்கத்திலே நம் கல்லூரியிலிருந்து பேராதனை புகுந்த யாம் மூவர், அவர்களுள் நால்வரோடு நட்புப் பூண்டோம். குருநாகலைச் சிங்கள நண்பர் ஒருவரும் கிண்ணியா முஸ்லிம் நண்பர் ஒருவரும் எம்மோடு சேர்ந்தனர். மகாவலிக் கரையிலே மாலைதோறும் ஒன்பதின்மரும் கூடுவோம். எம் ஆங்கிலத்தை அவர்கள் திருத்துவார்கள். சோற்றைக் கையாற் பிசைந்து உண்ணும் கலையை அவர்களுக்கு யாம் பயிற்றுவோம். பாடத்திட்டத்தில் இல்லாத இப்பாடங்களே இன்றுவரை மறவாது நிற்கின்றன.

“உங்கள் ஊர்த் துறைமுகத்தை எமக்குக் காட்டமாட்டீர்களா?” என்று அவர்கள் பலமுறை கேட்டனர். அது போர்க்காலம். “நிலைமை சரிப்படட்டும், கட்டாயம் அழைப்போம்” என்று ஒவ்வொரு முறையும் கூறினோம். நிலைமை சரிப்படுமுன் அரையாண்டு முடிந்தது; அவர்கள் தாயகம் திரும்பினர். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. அதன் பின்னரும் பிழைப்பு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் நோய் என்று ஆண்டுகள் பல ஓடின. ஈற்றிலே, தலை நரைத்த ஒன்பதின்மரும் சென்ற ஆண்டு திருகோணமலையிலே ஒன்றுகூடினோம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாக்குறுதியொன்று நிறைவேறிற்று.

ஊரைக் காட்டப் புறப்பட்ட பின்னரே, ஊரை எத்துணை குறைவாக அறிந்திருக்கின்றோம் என்பது எமக்குப் புலனாயிற்று. பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமி மலையிலே கோணேசப் பெருமானை வழிபட்டோம். 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததையும், அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதையும் கூறினோம். அவையெல்லாம் வாய்ப்பாடாக வந்தன. ஆயின், விருந்தினருள் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் அம்மையார், “சாள்ஸ் ஒஸ்டினின் கல்லறை எங்கே இருக்கின்றது?” என்று வினவியபோது விழித்தோம். புகழ்பெற்ற நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியாகிய அவர், பிரித்தானியக் கடற்படைத் தளபதியாய் 1852ஆம் ஆண்டு பர்மாவின் ஐராவதி ஆற்றிலே கப்பலில் உயிர்நீத்துத் திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டவர். பள்ளிநாளிலே எத்தனை நூறு முறை அம்மயானத்து மதிலோரமாகத் துவிச்சக்கர வண்டியிலே சென்றிருப்போம்! உள்ளே துயில்பவர் யாரென ஒருநாளேனும் கேட்டோமில்லை.

சீனன்குடாவை நெருங்கியபோது, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் அமைக்கத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் மரஞ்செடிகளிடையே தலைகாட்டின. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததையும், 1957ஆம் ஆண்டிலே பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுச் சென்றதையும் எடுத்துரைத்தோம். ஆழ்ந்து அகன்ற இத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் அனைவரும் பொருதினர். உலகமெல்லாம் தேடி வந்த துறைமுகத்தின் கரையிலே பிறந்தவர் நாம் என்ற பெருமிதம் அப்போது எம் நெஞ்சை நிறைத்தது.

அப்பெருமிதம் கிண்ணியாப் பாலத்தை அடையும்வரையே நிலைத்தது. 2009ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அப்பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, கிண்ணியா நண்பர் பழைய கதை சொன்னார். பாலம் வருமுன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்திய இயந்திரப் பாதையைப் பற்றியும், அதற்காகக் காத்துக் கிடந்த நாழிகைகளைப் பற்றியும் நகைச்சுவையோடு கூறினார். கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க நண்பர் எம்மை நோக்கி, “நீங்கள் நால்வரும் ஒரே துறைமுகத்துப் பிள்ளைகள். சிறுவயதில் இவரை முதன்முதல் எங்கே சந்தித்தீர்கள்?” என்று கேட்டார்.

“பேராதனையிலே” என்றோம்.

அவர் அதனைப் பகிடி என்று எண்ணிச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே குடாவின் நீரைப் பார்த்து, ஒரே தமிழைப் பேசி வளர்ந்த நாம் ஒருவரை ஒருவர் அறிவதற்கு நூறு மைலுக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. நண்பர் விடவில்லை. “இன்று உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வூரிலே சிங்களத் தோழர், முஸ்லிம் தோழர் எத்தனை பேர்?” என்றார். இக்கேள்விக்கே யாம் வாய் திறந்தோமில்லை.

நம் மாவட்டம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் வாழ்வது. எவரும் பாதிக்கு மேற்படாதது. சந்தையிலே மூவரும் சந்திக்கின்றோம். மருத்துவமனை வரிசையிலே மூவரும் நிற்கின்றோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அது எவரிடமும் இனம் கேட்கவில்லை. ஆயின் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் வெவ்வேறு சீருடை பூண்டு வெவ்வேறு வாயில்களுள் நுழைகின்றனர். பாடநூலிலே இரண்டாம் மொழி கற்கின்றனர். அம்மொழியிலே ஒரு தோழனை அழைத்தறியார். எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவரோடு ஒரு பருவம் கூடி வாழ்ந்த யாமும், அயல்வீதிப் பள்ளி மாணவரோடு ஒருநாள் உண்டு உறங்கியறியோம். இதனைப் பிறர்மேற் குற்றமாகச் சுமத்துவதற்காக எழுதவில்லை. இக்குறை நமது, அதனை நீக்கும் கடனும் நமதே.

கூடி வாழ்தல் ஒருவனை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு நம் குடாக்கடலே சான்று பகரும். 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டான். விலங்கிட்டு அடைக்கப்படாது மலைநாட்டுக் கிராமங்களிலே மக்களிடையே ஏறக்குறைய இருபதாண்டு வாழ்ந்து, 1679ஆம் ஆண்டிலே தப்பிச் சென்றான். 1681ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளிவந்த அவனது நூல், அக்கால மக்களின் உழவு, உணவு, வழக்கங்களை அறிய விழைவோர் இன்றும் புரட்டுவது. கோட்டைகளிலிருந்து நாட்டை ஆள முயன்றோர் காணாதனவற்றை, குடிசையிலே வாழ்ந்த கைதி கண்டான். அவனுக்கு நேர்ந்தது வற்புறுத்தல். நம் பிள்ளைகளுக்கு அதனை விருப்பத்தோடு அமைத்துக் கொடுத்தல் ஆகாதா?

நம் கல்லூரிக்கு இது புதிய நெறியுமன்று. இங்கே அதிபராய்ப் பணிபுரிந்த சுவாமி விபுலானந்த அடிகளார் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு, கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, சிதம்பரம் எனப் பலவிடத்தும் கற்றும் கற்பித்தும் வாழ்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். ஓர் ஊரிலே அடங்கியிருந்து அவர் அறிஞராகவில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தின் முன் எம் கருத்தொன்றை வைக்கின்றோம். சாதாரண தரப் பரீட்சை எழுதி, பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதங்கள் பெரும்பாலும் வீணே கழிகின்றன. அக்காலத்திலே நம் மாணவர் பதின்மரை ஒரு மாதம் சிங்களக் குடும்பங்களோடும் முஸ்லிம் குடும்பங்களோடும் தங்க அனுப்புவோம். அவ்வீட்டுப் பிள்ளைகளை நம் இல்லங்களிலே வரவேற்போம். முதலில் நம் மாவட்டத்துக்குள்ளேயே தொடங்குவோம். பயன் கண்டபின் ஒரு முழுத் தவணைக்கு விரிக்கலாம். பெருநிதி வேண்டியதில்லை. ஓர் அறையும், அடுப்பிலே இன்னும் ஒருபிடி அரிசியும், ஆசிரியர் சிலரின் மேற்பார்வையும் இருப்பின் போதும்.

தடைகள் கூறுவோர் உளர். பிள்ளைகளை அந்நியர் வீட்டில் எங்ஙனம் விடுவது என்பது பெற்றோரின் அச்சம். அது நியாயமான அச்சமே. ஆதலின் முதலில் பெற்றோர் பெற்றோரைச் சென்று காணட்டும். பிள்ளைகளுக்கு முன்னர் அவர்களே நண்பராகிவிடவும் கூடும்! மரக்கறி உண்ணும் வீட்டுப் பிள்ளைக்கு உணவு ஒவ்வாதே என்பது அடுத்த தடை. கண்டியிலே எம் அமெரிக்க நண்பர்கள் பச்சை மிளகாய்க்கே பழகிப்போயினர். விருந்தினரின் நெறியறிந்து சமைக்கும் பண்பு இந்நாட்டில் எவ்வினத்தாருக்கும் புதிதன்று. பட்ட துன்பங்களை மறப்பதா என்பது மூன்றாவது, அனைத்தினும் கனத்த தடை. மறக்குமாறு எவரையும் கேட்கவில்லை. பேராதனையிலே எம் சிங்கள நண்பரிடம் எம் ஊரார் பட்டதை யாம் மறைத்தோமல்லோம். அவரும் தம் ஊரார் இழந்ததைச் சொன்னார். ஒருவரை ஒருவர் அறிந்தபின் சொன்னமையாலேயே அச்சொற்கள் செவியேறின.

விடைபெறும் நாளிலே, கோட்டைவாசற் கடற்கரையிற் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்க, குருநாகல் நண்பர் எம்மிடம் தமிழிலே, “அடுத்த முறை என் மகனைக் கூட்டி வருகிறேன், ஒரு மாதம் வைத்திருப்பீர்களா?” என்றார். வைத்திருப்போம் என்று வாக்களித்தோம். முன்னைய வாக்கை நிறைவேற்ற முப்பது ஆண்டுக்கு மேல் கடத்தினோம். இவ்வாக்கையும் அங்ஙனம் கடத்துதல் நமக்கு அழகன்று. கல்லூரியின் விழாவைக் கொண்டாடும் அன்பர்களே, உங்கள் இல்லத்திலே ஓர் அறை ஒழிந்திருப்பின், சங்கச் செயலாளரிடம் இன்றே ஒரு சொல் கூறுங்கள்.