பொன்னாடை எட்டாத தோள்கள்

எங்கள் திருகோணமலையில் பொன்னாடைக்குப் பஞ்சமே இல்லை. நூல் வெளியீடா, பொன்னாடை. பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியா, பொன்னாடை. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டு முடித்தாலும் ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, நாலு பொன்னாடை. வாங்குகிற தோள்களும் அதே தோள்கள்தான். போன மாதம் போர்த்தியவர் இந்த மாதம் போர்த்திக்கொள்வார். குப்பை வண்டிக்குப் பின்னால் ஓடுகிற ஒருவரையோ, கானுக்குள் இறங்கி அடைப்பெடுக்கிற ஒருவரையோ அந்த மேடையில் நான் இன்றுவரை கண்டதில்லை. கதிரை அடுக்கவும், கூட்டம் முடிந்ததும் சோடாப் போத்தல் பொறுக்கவும் மட்டும் அவர்களுக்கு அழைப்பு உண்டு.

ஊரைப் பற்றி எழுதுகிறவர்களும் இதற்குக் குறைந்தவர்கள் இல்லை. இயற்கைத் துறைமுகம் என்று தொடங்குவார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது, 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் மேல் எந்த நாடு கண் வைத்திருக்கிறது என்று வரிசையாக வரும். அட்மிரல்கள், தூதுவர்கள், அமைச்சர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தத் தளத்தில் கப்பலின் துருவைச் சுரண்டியவரும் சமையற்கட்டில் வெந்தவரும் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. ஜேன் ஒஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் சகோதரர் சாள்ஸ் ஒஸ்டின் 1852இல் இறந்து எங்கள் ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டார். வெள்ளைக்காரர்கள் அந்தக் கல்லறையை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். நல்லது, வரட்டும். அங்கே முளைக்கிற பற்றையை வெட்டுகிறவரை யார் விசாரிக்கிறார்கள்?

காலையில் சம்பலோடு பாண் பிய்க்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எங்கேயோ விளைந்தது கப்பலேறி வந்து, சீனக்குடாவில் 1980இலிருந்து ஓடுகிற பிறிமா ஆலையில் மாவாகிறது. அந்தக் கப்பல் தானாக வந்து கட்டுகிறதா? கடலில் போய், ஆடுகிற கப்பலின் விலாவில் நூலேணியைப் பிடித்து ஏறுகிற துறைமுகப் பைலட் ஒருவர் இருக்கிறார். பக்கத்தில் முட்டித் தள்ளுகிற இழுவைப்படகுக்காரர் இருக்கிறார். கரையில் கனத்த வடத்தை எடுத்து மாட்டுகிறவர் இருக்கிறார். எங்களுக்கோ பாண் விலை ஏறுகிற அன்றைக்கு மட்டும்தான் மாவின் ஞாபகம் வரும்.

தண்ணீரும் அப்படித்தான். நகரத்தில் குழாயைத் திறந்தால் ஓடுவது கந்தளாயிலிருந்து வருகிற தண்ணீர். அங்கே இரவு முழுக்கக் கண்விழித்துப் பம்பிக்குக் காவல் இருக்கிறவர் யாரென்று தெரியாது. அரை மணித்தியாலம் தண்ணீர் நின்றால் அவரைத் திட்ட மட்டும் தெரியும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நாடே அன்றைக்குத்தான் கட்டைத் திரும்பிப் பார்த்தது. அது உடையாமல் நிற்கிற நாட்களில், கட்டின் மேல் நடந்து கசிவு பார்க்கிற தொழிலாளிக்கு வணக்கம் சொல்ல யாரும் போவதில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. நீளம் 396 மீற்றர். அதற்கு முன் எத்தனையோ வருடம் பஸ்ஸையும் லொறியையும் பிள்ளைத்தாச்சிகளையும் மழையென்றும் காற்றென்றும் பாராமல் அக்கரை சேர்த்தது பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைதான். பாலம் வந்தது, பாதை போனது, பாதையில் வேலை செய்தவர்களும் எங்கள் ஞாபகத்தை விட்டுப் போனார்கள். நன்றி சொன்னோமா? சொன்னதாக எனக்குத் தெரியாது.

சரி, தூரத்தில் இருக்கிறவர்களை விடுவோம். வீட்டு வாசலுக்கு வருகிறவரையாவது பார்க்கிறோமா?

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருவார். வீதியெல்லாம் நிறைகுடம், வாழை, தோரணம், தாகசாந்தி. மனம் நிறைந்துதான் போகும். மறுநாள் விடியற்புறம் அதே வீதியில் போய்ப் பாருங்கள். பிளாஸ்ரிக் கோப்பை கானை அடைத்துக்கொண்டு கிடக்கும். சர்பத் சிந்திய இடத்தில் இலையான் மொய்க்கும். வாழைக்குற்றிகளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் எறிவார்கள். கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான்கள் ஒரு பக்கம் நின்று சொப்பிங் பையை மென்றுகொண்டிருக்கும். அதையும் துரத்த வேண்டும். நாங்கள் எழும்பிக் கோயிலுக்குப் போகும்போது வீதி சுத்தமாக இருக்கும். சுவாமி வந்து போன வீதி இப்படித்தான் பளிச்சென்று இருக்கும் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் குப்பை வண்டி நின்றது. பையைத் தூக்கிய பொடியன் சட்டென்று கையை உதறினான். உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே நல்ல ஆழமான வெட்டு. போட்டிருந்த ரப்பர் கையுறையும் கிழிந்து தொங்கியது. பைக்குள் உடைந்த போத்தல், அதன் மேல் மீன் செதில், அதன் மேல் குழந்தையின் பம்பஸ். அவன் சாரம் கிழித்த துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, படலைக்குள் நின்ற வீட்டுக்காரியிடம் தன்மையாகத்தான் சொன்னான்: "அக்கா, போத்தல் ஓடு இருந்தா தனியா வையுங்கோவன்." அவவோ, "உங்களுக்குச் சம்பளம் தாறது இதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினா. அந்த வீட்டு விறாந்தையில் சமூக சேவைக்காக வாங்கிய கேடயம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் தாறோமாம். இந்த நாட்டு உள்ளூராட்சி சபைகளில் இந்த வேலை செய்கிற எத்தனையோ பேர் வருடக்கணக்காக அமைய ஊழியர்கள். நிரந்தர நியமனம் கிடைக்காது, அது கிடைக்காததால் ஓய்வூதியமும் கிடையாது. மழைக்கு அங்கி கேட்டால் அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவின் பட்டினங்களைக் கூட்டுவதற்கென்றே தென்னிந்தியாவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கியது. பிரசாவுரிமை பிறகு வந்தது. சாதிப்பேர் சொல்லி முகம் சுளிக்கிற எங்கள் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் கோப்பை ஒதுக்கி வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளில் தேவாரம் பாடாத வெள்ளிக்கிழமை இல்லை.

கொரோனாக் காலத்தில் கொஞ்ச நாள் எல்லோருக்கும் ஞானம் வந்தது. முன்வரிசை வீரர்கள் என்றோம், முகநூலில் கும்பிடு போட்டோம். ஊரடங்கு எடுத்ததும் கும்பிடும் போயிற்று.

மே தினத்தில் வாழ்த்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சபைக் கூட்டத்துக்கு உங்கள் வட்டார உறுப்பினர் போகும்போது, சுகாதாரத் தொழிலாளிகளில் எத்தனை பேர் இன்னும் அமைய ஊழியர், தடித்த கையுறையும் சப்பாத்தும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேட் எதுவானாலும் பழைய பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, ஒரு மட்டைப்பெட்டிக்குள் போட்டு, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, குப்பைப் பைக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். அடுத்த தரம் வண்டி வருவதற்கு முன்னால் செய்யுங்கள்.