சான்றிதழ் கையில், கருவி எங்கே?

கண்டியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் தச்சுத்தொழில், வெல்டிங், மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் ஆகியவற்றில் பயிற்சி முடித்து என்.வி.கியூ. சான்றிதழுடன் வெளியேறும் இளைஞர் தொகை குறைவன்று. அவ்வாறு வெளியேறியவர்களுள் எத்தனை பேர் ஈராண்டுகளின் பின்னரும் அத்தொழிலிலேயே நிற்கிறார்கள் என்று யாராவது தேடிப்பார்த்தால், நமது தொழிற்கல்வியின் உண்மை நிலை புலப்படும். நான் அறிந்த பலர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள்; சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள்; எஞ்சியோர் ஏதேனும் ஒரு பட்டறையில் மற்றொருவரின் கருவிக்குக் கையாளாக இருக்கிறார்கள். இவர்களுக்குத் திறமை இல்லாமலில்லை. சொந்தமாக ஒரு கருவிப்பெட்டி இல்லை.

தொழிலாளர் மத்தியில் இது பெரிய வேறுபாடு. சொந்தக் கருவிகளோடு வேலைக்கு வருபவர் 'பாஸ்'. வெறுங்கையோடு வருபவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கையாள். நாட்கூலி மாத்திரம் வேறுபடவில்லை. வேலையை ஒப்புக்கொள்வதா மறுப்பதா, எப்போது தொடங்குவது, என்ன விலை கேட்பது என்ற உரிமைகளெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நவராத்திரியின் இறுதியில் நமது கராஜ்களிலும் பட்டறைகளிலும் ஸ்பானரையும் உளியையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கிறார்களே, அது வெறும் சடங்கு என்று நான் நினைக்கவில்லை. தச்சர்கள் தமது கருவிகளை 'ஆயுதம்' என்று சொல்வதும் அதனாலேயே.

சட்டத்துக்கும் இது தெரியும். நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு, கடன் தீர்ப்பொன்றை நிறைவேற்றும்போது எவற்றைக் கைப்பற்றலாகாது என்று கூறுமிடத்தில், உடுதுணி, படுக்கை ஆகியவற்றுடன் தொழிற்கருவிகளையும் சேர்த்திருக்கிறது. கடனாளியிடமிருந்து எதை எடுத்தாலும் அவன் உழைப்பதற்கான கருவியை எடுக்காதே என்பது அதன் பொருள். ஆனால் அக்கருவியை முதன்முதலில் வாங்குவதற்கு யார் கடன் கொடுப்பது? தங்கத்துக்குக் கொடுக்க வங்கி உண்டு. கைத்திறனுக்குக் கொடுக்க இல்லை. ஆகவே தாயின் தோடு அடகுக்குப் போகிறது, மகனின் டிரில் வீட்டுக்கு வருகிறது.

அதுவும் முன்னர்போல் எளிதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. நமது ஹாட்வெயார் கடைகளில் உள்ள மின்கருவிகளுள் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதிதான். விலை உயர்ந்ததும் வாங்குபவன் என்ன செய்வான்? பெயர் தெரியாத மலிவுக் கருவியை நாடுவான். அல்லது பெயர் பெற்ற நிறுவனத்தின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே போர்த்திக்கொண்டு வரும் போலியை வாங்கி ஏமாறுவான். ஆறு மாதத்தில் அது புகைந்துவிடும். பிறகு மறுபடியும் கையாள்.

இதற்கு அரசியல்வாதிகள் கண்ட பரிகாரம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து தையல் இயந்திரமும் கருவித்தொகுதியும் வழங்கும் வைபவம். ஒரு செய்தியாளனாக இத்தகைய வைபவங்கள் பலவற்றை எழுதியிருக்கிறேன். மாலை, மங்கல விளக்கு, வரவேற்புரை, இறுதியில் பெட்டி. எல்லாருக்கும் ஒரே பெட்டி. குறைந்த விலை கோரியவரிடம் மொத்தமாக வாங்கியது. தளபாடம் செய்பவனுக்கும் கூரை வேலை செய்பவனுக்கும் ஒரே வாள். அதைப் பெற்றவர்களுள் ஒருவரிடமாவது "உனக்கு என்ன கருவி வேண்டும்?" என்று முன்கூட்டியே கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம். இதைப் புதிதாகச் சொல்பவனும் நான் அல்லன். நூறாண்டுகளுக்கும் முன்னர், இந்தக் கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களை ஊரூராகச் சென்று கண்ட ஆனந்த குமாரசுவாமி, கருவிக்கும் இயந்திரத்துக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை, அனுமதித்தால், கைவினைஞனே உணர்ந்து பிரித்துக்கொள்வான் என்ற கருத்தை எழுதினார். எது தன் கைக்குத் துணை, எது தன் கையின் வேலையைப் பறிப்பது என்று அவனுக்குத் தெரியும் என்பது அவர் கருத்து. பின்னாளில் ஷூமாக்கர் தமது 1973ஆம் ஆண்டு நூலில் இதனை எடுத்தாண்டபோதுதான் உலகம் கவனித்தது. நம்மவர் சொன்னதை வேறொருவர் வழியாகக் கேட்பது நமக்கு வழக்கந்தானே.

குமாரசுவாமி கருவியின் அருமையைத் தாமே அறிந்தவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அதனை இங்கிலாந்தில் பிறோட் கம்ப்டன் என்ற சிற்றூரில், வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற பதிப்புகளுக்குப் பயன்படுத்திய பழைய கையச்சு இயந்திரத்தில், தமது மேற்பார்வையிலேயே அச்சிட்டார். வெறும் 425 பிரதிகள். புதிய இயந்திரத்தை அவர் வெறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தம் வேலைக்கு எது பொருத்தமோ அதைத் தேர்ந்தார். கண்டி அரசர் காலத்து 'பட்டல் ஹதர' எனப்படும் நான்கு அரச பட்டறைகளின் வழிவந்த கைவினைஞர்கள், 1815இல் அரசு வீழ்ந்த பின்னர் ஆதரவின்றித் தேய்ந்த கதையும் அந்நூலில் இருக்கிறது. நத்தரம்பொத்தவில் வெள்ளியும் பித்தளையும் தட்டுபவர்களின் பட்டறைகளில் இன்றும் தன் கைக்கேற்பத் தானே செய்துகொண்ட சிற்றுளிகளைப் பார்க்கலாம். எந்த ஹாட்வெயார் கடையிலும் அவை விலைக்குக் கிடையா.

இன்னொரு சான்று தேயிலை. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் தம் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கி, மேசைமீது கொழுந்தைக் கையால் சுருட்டி, களிமண் அடுப்பில் கரியிட்டு உலர்த்தினார். 1872 அளவிலேயே சுருட்டும் இயந்திரத்தை அமைத்தார். கை அறிந்த பின்னரே இயந்திரம் வந்தது. (கொழுந்து பறித்த கைகள் யாருடையவை என்பதைப் பற்றி அருங்காட்சியகப் பலகைகள் அதிகம் பேசுவதில்லை, அது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.) ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள பழைய உருளைகளையும் உலர்த்திகளையும் வெறும் காட்சிப்பொருளாகப் பார்க்காமல், ஒவ்வொன்றும் எந்த இடரைத் தீர்க்க வாங்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம். தோட்டங்களுக்கு இயந்திரம் வழங்கிய ஜோன் வோக்கரின் நிறுவனமும் 1854இல் இதே கண்டியில்தான் தொடங்கியது, அன்று கோப்பிக்காக.

இனி வாங்கும் விடயத்துக்கு வருவோம். தொடங்கும் இளைஞனுக்கு நான் சொல்லக்கூடியது, முழுத்தொகுதியையும் ஒரே நாளில் தவணைக்கு எடுக்காதே என்பதுதான். இரண்டு நல்ல உளி, ஒரு சீவுளி, ஒரு நல்ல வாள், ஒரு மூலைமட்டம், தீட்டுகல். இவற்றோடு வேலை எடுக்கலாம். அடுத்த வேலையின் கூலியில் அடுத்த கருவி. மின்கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையன்று. கார்பன் பிரஷும் சுவிட்சும் ஆர்மேச்சரும் தனியாகக் கிடைக்குமா என்பதே. கிடைக்காது என்றால் அது ஒருமுறை எரிந்ததும் இரும்புக் கடைக்குரியது.

வெல்டிங் பிளான்ட் வாங்குபவர்கள் மேலே பெரிதாக எழுதியிருக்கும் 200 அம்பியரை நம்பி வாங்குகிறார்கள். அந்த மின்னோட்டத்தில் பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து வேலை செய்யலாம் என்பது சிறிய எழுத்தில் வீதமாக இருக்கும். 20 வீதம் என்றால் இரண்டே நிமிடம். மிகுதி எட்டு நிமிடம் அது ஆறவேண்டும். தோட்டக் குடியிருப்புகளிலும் மின்கம்பி வரிசையின் இறுதியிலுள்ள வீடுகளிலும் பழைய மின்மாற்றி வகைப் பிளான்டைப் போட்டால் அயல்வீட்டு விளக்கு மங்கும், சண்டை வரும். இன்வேர்ட்டர் வகை குறைவாக மின் இழுக்கும், தோளில் தூக்கிச் செல்லலாம். ஆனால் அதன் மின்சுற்றுப் பலகை எரிந்தால் ஊரில் திருத்துவோர் அரிது. பழைய வகையைச் செம்புக்கம்பி சுற்றுபவரே சரிசெய்துவிடுவார். எது சிறந்தது என்று கண்டியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேலை செய்பவன் தன் வீட்டு மின்னிணைப்பைப் பார்த்துச் சொல்லட்டும்.

கிரைண்டரைப் பற்றி மாத்திரம் தயவு தாட்சண்யமின்றிச் சொல்வேன். அதன் காப்புத் தகட்டைக் கழற்றி எறிவது நம்மவரிடம் ஒரு வீரமாகிவிட்டது. போதாததற்கு மரம் அறுக்கும் பல்வட்டை அதில் பூட்டுகிறார்கள். பல் மரத்தில் சிக்கியதும் இயந்திரம் துள்ளித் திரும்பும். விரல் போகும், சிலவேளை கழுத்தும். வெட்டும் தட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் கிரைண்டரின் வேகத்திலும் குறைவாயின் அதைப் பூட்டவே கூடாது. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். பாணுக்குப் பார்க்கிறோம், இதற்குப் பார்ப்பதில்லை. காப்புக் கண்ணாடியைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்.

அரசிடமும் மாகாண சபையிடமும் கேட்பதற்கு என்னிடம் இரண்டு விடயங்களே உள்ளன. சான்றிதழ் பெறுபவருக்கு, தாமே தேர்ந்தெடுக்கும் கருவிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் கொள்வனவுச் சீட்டு ஒன்றைக் கொடுங்கள், வைபவம் வேண்டாம். பணம் நேரே கடைக்குப் போகட்டும். அடுத்தது, கடைசல் இயந்திரம், பெரிய சீவல் இயந்திரம் போன்றவற்றை எந்த இளைஞனும் தனியாக வாங்க முடியாது, வாங்கவும் வேண்டியதில்லை. அவை பயிற்சி நிலையங்களில் இருக்கின்றன. பெரும்பாலும் பிற்பகலில் பூட்டப்பட்டுவிடுகின்றன. பழைய மாணவர்களுக்கு மாலை வேளைகளில் கட்டணத்துக்குத் திறந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? பொறுப்பாளர் ஒருவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு, மின்கட்டணம்; அவ்வளவுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் இம்மாவட்டத்தைச் சிதைத்தன. இழப்புகளை எழுதும்போது சுவர், கூரை, தளபாடம் என்று எழுதுகிறோம். வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் இருந்த உளியையும் டிரில்லையும் தனி வரியாக எழுதவேண்டும். அந்த வரிதான் அக்குடும்பத்தை மறுபடி நிமிர்த்துவது. சேற்றில் கிடந்த கைக்கருவியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு நீக்கி, எண்ணெய் பூசி மீட்கலாம். மின்கருவி அப்படியன்று. வெயிலில் வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது உயிராபத்து. பிரித்து, கழுவி, முற்றாக உலர்த்தி, பெயரிங்கை மாற்றி, காப்பு மின்தடையைச் சோதித்த பின்னரே மின்சாரம் கொடுக்கலாம். அந்தத் திருத்தச் செலவும் நிவாரணக் கணக்கில் ஏறவேண்டும். கிராம உத்தியோகத்தர்களின் படிவத்தில் அதற்கு ஒரு நிரல் போதும்.