கல்லைக் காத்த ஏடு

நுழையும்முன்

ஊர்களைக் காண்பது வேறு, கற்பது வேறு. இடிந்து மீண்டும் எழுந்த கொரியக் கோட்டை ஒன்றை முன்வைத்து, வரலாற்றைக் காப்பது எது என்னும் வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பழமை வாய்ந்த நகரொன்றுக்குச் செல்வோர் முதலில் கேட்கும் வினா, 'இஃது எத்தனை ஆண்டுப் பழமையுடையது?' என்பதாகும். அவ்வினா பிழையன்று, ஆயினும் அது மட்டும் போதாது. தென்கொரியத் தலைநகர் சியோலுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுவோன் நகரம் அவ்வினாவோடு வருபவரைத் திகைக்க வைக்கும். அங்குள்ள ஹ்வாசோங் கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால், அதன் பல பகுதிகள் 1970களில் மீண்டும் எழுப்பப்பட்டவை. அவ்வாறாயின், அக்கோட்டை பழையதா, புதியதா?

மகன் எழுப்பிய மதில்

ஜோசொன் அரசின் மன்னர் யொங்ஜோ, 1762ஆம் ஆண்டில் தம் மகன் சாதோவை அரிசிப் பெட்டியொன்றில் அடைத்துவைக்க ஆணையிட்டார்; இளவரசர் அதனுள்ளேயே உயிர்துறந்தார். அக்கொடுமை நேர்ந்தபோது சிறுவனாக இருந்த சாதோவின் மகன், 1776இல் ஜொங்ஜோ என்னும் பெயருடன் அரியணை ஏறினார். 1789இல் தந்தையின் கல்லறையைச் சுவோன் பகுதிக்கு மாற்றினார். அங்கு வாழ்ந்த மக்களுக்குப் புதிய ஊர் அமைத்து, 1794 முதல் 1796 வரை அதனைச் சூழ மதில் எழுப்பினார். தந்தைமீது கொண்ட அன்பும் தம் ஆட்சியை வலுப்படுத்தும் நோக்கமும் அம்மதிலில் ஒருங்கே கலந்திருந்தன.

ஏறத்தாழ 5.7 கிலோமீட்டர் நீளமுடைய அம்மதில், பல்தால் மலைமீது ஏறி, சமவெளியில் இறங்கி, நகரைச் சுற்றி வளைகிறது. நகரின் நடுவே ஓடும் ஆற்றின் மீது ஏழு வளைவுகளுடன் ஹ்வாஹொங்முன் என்னும் நீர்வாயில் நிற்கிறது. கோட்டையை வடிவமைப்பதில் பெரும்பங்கு கொண்ட அறிஞர் ஜொங் யாக்-யோங், கப்பிகள் பூட்டிய பாரந்தூக்கியை உருவாக்கினார். கூலியின்றி மக்களை வேலைவாங்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, உழைத்தவர்க்குக் கூலி வழங்கப்பட்டது.

மதிலினும் உயர்ந்தது

கட்டுமானம் முடிந்தபின், அப்பணியின் முழு விவரமும் நூலாகத் தொகுக்கப்பட்டது. மன்னர் மறைந்த மறு ஆண்டில், 1801இல், அந்நூல் அச்சேறியது. 'உய்க்வே' எனப்படும் அரசப் பதிவேடுகளுள் ஒன்றான அதில், வாயில்கள், காவல்மேடைகள், கருவிகள் ஆகியவற்றின் படங்கள் உள்ளன. கல், செங்கல், மரம் ஆகியவற்றின் அளவும் விலையும் உள்ளன. அனைத்தினும் மேலாக, கல்தச்சர், மரத்தச்சர் முதலிய கைவினைஞர்களின் பெயர்களும் அவர்கள் உழைத்த நாள்களும் பெற்ற கூலியும் உள்ளன.

கோட்டைகள் பெரும்பாலும் கட்டுவித்தவர் பெயரையே சுமந்து நிற்கின்றன. கட்டியவர் பெயர் மண்ணோடு போகிறது. சுவோன் ஏடு அக்குறையை நீக்கியது. வியர்வைக்கும் வரலாற்றில் இடமுண்டு என்பதை அரசின் ஆவணமே ஒப்புக்கொண்டது. இவ்வொரு காரணத்திற்காகவே அந்நூலை அம்மதிலினும் உயர்ந்த நினைவுச்சின்னம் எனலாம்.

ஐயமும் விடையும்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கோட்டையின் பல பகுதிகள் சிதைந்தன. மன்னர் தங்கும் அரண்மனையின் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் மருத்துவமனை இயங்கியது. கொரியப் போர் எஞ்சியவற்றிலும் பலவற்றை அழித்தது. பின்னர், 1970களில் மதிலும் வாயில்களும் அந்த ஏட்டின் துணைகொண்டு மீட்டெடுக்கப்பட்டன. மீண்டும் எழுப்பப்பட்ட அரண்மனை 2003இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ நிறுவனம் 1997இல் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2007இல் ஜோசொன் அரசின் உய்க்வேக்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

'புதிதாகக் கட்டியதைப் பழஞ்சின்னம் என்பது முறையா?' என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. முதல் தச்சனின் உளி பதிந்த மரம் எரிந்துபோனால், அதனை எந்த ஏடும் திருப்பித் தராது. எனவே, பதிவு இருக்கிறது என்னும் துணிவில் சின்னங்களைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது. எனினும், சான்றோடு மீட்பதும் ஊகத்தால் புனைவதும் ஒன்றல்ல. முன்னது வரலாற்றுக்குச் செய்யும் கடமை. பின்னது வரலாற்றின் பெயரால் செய்யும் ஒப்பனை.

தெற்கு வாயிலான பல்தால்முன் இன்று சாலைகள் சூழத் தனித்து நிற்கிறது. அதன் இருபுறமும் மதில் இல்லை. அருகில் சந்தைகள் இயங்குகின்றன. மக்கள் வாழ்க்கை தொடர்கிறது. அவ்விடைவெளியைக் காண்போர் அதனைக் குறையாகக் கருதலாம். உண்மையில், இழந்தது இழந்ததே என்று ஒளிக்காமல் சொல்லும் அவ்வெற்றிடமும் வரலாற்றின் ஒரு பக்கமே.

காண்பதும் கற்பதும்

மதில்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர் சுவோனைக் காண்கிறார். அம்மதில் ஏன் எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது, எதனால் மீண்டது என வினவுபவரே அதனைக் கற்கிறார். கல் காலத்தால் தேயும், போரால் சிதறும். உண்மையாக எழுதப்பட்ட ஏடு, அக்கல்லை மீண்டும் அடுக்கும் வழியை அடுத்த தலைமுறைக்குச் சொல்லும். ஆதலால், ஒரு சமுதாயம் தன் கட்டடங்களைப் போற்றுவது மட்டும் போதாது. அவற்றைக் குறித்து வைப்பதும், அக்குறிப்பில் உழைத்தவர் பெயரை விடாதிருப்பதும் அதன் கடமையாகும்.