பொங்கும் நுரை பிசுக்கை எடுக்காது
சமையல் சோடாவைத் தூவி மேலே வினிகரை ஊற்றினால், பொங்கும் நுரை அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைப் பெயர்த்துவிடும், ரசாயனமே வேண்டாம் என்கிறார்கள்.

முதலில், இரண்டுமே ரசாயனம்தான். ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்த்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது தண்ணீர், கரியமில வாயு, சோடியம் அசிடேட் என்ற உப்பு. இந்த மூன்றில் எது எண்ணெயைக் கரைக்கும்?

இரண்டாவது, அந்த நுரை. சோடா பாட்டிலைத் திறந்தால் வரும் அதே வாயுதான் அது. சோப்பு செய்வது வேறு வேலை: அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும்.

மூன்றாவது, "எங்கள் வீட்டில் போயிற்றே!" தேய்த்தீர்கள், போயிற்று. வினிகர் இல்லாமல் தேய்த்துப் பார்த்தீர்களா?

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் தொட்டுப் பாருங்கள். தேன் நிறத்தில் விரலோடு ஒட்டும். நகத்தால் சுரண்டினால் மெழுகாகச் சுருளும். சூடும் காற்றும் பட்டுப் பட்டு எண்ணெய் பிசினாகிவிட்டது. அதற்கு வலுவான காரம் வேண்டும். வெந்நீரில் சலவை சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கையுறை அவசியம். அலுமினிய இறக்கை என்றால் வேண்டாம், கறுத்துப்போகும்; பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெந்நீரையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

சட்டையில் தாளிப்பு எண்ணெய் தெறித்ததா? நனைக்குமுன் அதே திரவத்தில் ஒரு துளி தடவி 10 நிமிடம் விட்டு அலசுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள்.