ஏழு என்று பொறித்த பொய்

இலக்கியம் பேசும் இடத்தில் கோல்ஃப் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். பணக்காரர்களின் ஆட்டம், நிலத்தையும் நீரையும் விழுங்கும் ஆட்டம் என்ற குற்றச்சாட்டுகளை நான் மறுக்கப் போவதில்லை. அவை வேறு கட்டுரைக்குரியவை. நான் எழுத வருவது ஒரு குறி தன் பொருளை இழந்த கதை. அதைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று கருதுகிறேன்.

மலை ஊரில் வேலை பார்ப்பவனுக்கு இத்தகைய பழக்கங்கள் தொற்றிக்கொள்கின்றன. தேயிலைத் தோட்ட மேலாளரான நண்பர் ஒருவர் தம் விருந்தினனாக என்னை உதகை மைதானத்திற்கு அழைத்துச் சென்றார். அவரிடம் இருந்தவை எண்பதுகளில் வாங்கிய, வெள்ளி தேய்ந்த பழைய மட்டைகள். நான் ஆர்வக்கோளாறில் புதிய தொகுதி ஒன்றை வாங்கினேன். முதல் வாரமே அவருடைய ஏழாம் எண் மட்டை 130 கஜம் அனுப்பிய இடத்தில் என்னுடைய ஏழாம் எண் 145 கஜம் அனுப்பியது. (உதகை 2200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, மெல்லிய காற்றில் எவர் பந்தும் சற்றுக் கூடுதலாகவே போகும். அந்த அடக்கமும் அப்போது எனக்கு வரவில்லை.) முப்பது ஆண்டு ஆடியவரை ஆறே மாதத்தில் மிஞ்சிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆட்டம் முடிந்து கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அவரே பத்துப் பன்னிரண்டு அடி குறைவாக முடித்திருப்பார்.

காரணத்தைச் சொன்னவர் எங்கள் மட்டைப் பையைச் சுமந்து வந்த பெரியவர். (‘கேடி’ என்று எழுதினால் தமிழில் பொருள் வேறாகிவிடுகிறது.) “சார், உங்க ஏழு ஏழு இல்ல. அது அஞ்சு. நம்பர் மட்டும்தான் ஏழு போட்டிருக்கான்” என்றார்.

வீட்டுக்கு வந்து தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில், சிறிய எழுத்து அட்டவணையில் தேடினேன். என் ஏழாம் எண்ணின் முகச்சாய்வு 28 பாகை. நண்பருடையதைப் பட்டறை ஒன்றில் கருவி வைத்து அளந்தபோது 36 பாகை. இரும்பு மட்டைகளில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நான்கு பாகை. கணக்கு முடிந்தது. இருவரும் ஒரே மட்டையால் அடிக்கவே இல்லை.

மட்டையின் முகம் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்தே பந்து எழும் உயரமும் அதன் பின்சுழற்சியும் பெருமளவு அமைகின்றன. சாய்வு கூடினால் பந்து உயர எழுந்து, செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்தருகே நிற்கும். சாய்வு குறைந்தால் தாழப் பறந்து, தூரம் போய், விழுந்த பிறகும் ஓடும். என் 145 கஜம் கிரீனின் நடுவில் விழுந்து பின்பக்கப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவருடைய 130 கஜம் கொடிக்கு அருகில் நின்றது. இன்னொன்றும் உண்டு: பின்சுழற்சி குறையும்போது, முகத்தைத் திறந்து அடித்த அதே பிழை பெரிய வளைவாக மாறுகிறது. அமெச்சூர்களின் பொது நோயான ஸ்லைஸ், சாய்வு குறைந்த மட்டையில் முற்றிய நோயாகிறது. தூரத்துக்காகத் தண்டையும் அரை அங்குலம் நீட்டியிருக்கிறார்கள். நீளம் கூடக் கூட, பந்தை முகத்தின் நடுவில் சந்திப்பது அரிதாகிறது.

எனக்குப் பழைமைப் பித்து இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், மட்டைத் தலையின் எடையை நடுவிலிருந்து விளிம்புகளுக்கு நகர்த்தினால் தவறாகப் பட்ட அடியிலும் தலை குறைவாகவே திரும்பும் என்று கண்டார். 1966இல் வந்த அவருடைய ஆன்சர் என்ற புட்டரும் 1982இல் வந்த பிங் ஐ2 இரும்பு மட்டைகளும் என்னைப் போன்ற கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குச் செய்த உதவி மெய்யானது. மட்டை எதுவானால் என்ன, ஆடுபவன் கையில்தான் எல்லாம் என்று உபதேசிப்பவர்கள் மெல்லிய பழைய பிளேடு மட்டையால் குளிர்காலக் காலையில் ஒருமுறை நடுவிலகி அடித்துப் பார்க்க வேண்டும். விரல் எலும்பு பதில் சொல்லும். கருவி மாறினால் அடி மாறும் என்பதில் ஐயமே இல்லை. அந்த மாற்றத்தை மறைத்துவைத்து, அதை ஆடுபவனின் திறமையாக அவனுக்கே விற்பதைத்தான் நான் பொய் என்கிறேன்.

தயாரிப்பாளர் தரப்புக்கு ஒரு வாதம் உண்டு. இன்றைய மட்டைகளில் எடையைத் தாழ்வாக வைக்கிறோம், அதனால் பந்து முன்பைவிட உயர எழுகிறது, அந்த உயரத்தைச் சமன்செய்யவே சாய்வைக் குறைத்தோம் என்கிறார்கள். பாதி உண்மை. விரைவாக வீசும் கைக்கு இது பொருந்துகிறது. நாற்பதைத் தாண்டிய, மெதுவாக வீசும் என் போன்றவர்களின் பந்துக்குப் போதிய உயரமும் கிடைப்பதில்லை, குறைந்துபோன சுழற்சியும் திரும்பி வருவதில்லை. சரி, வாதத்தை முழுதும் ஒப்புக்கொள்வோம். எளிதாக அடிக்கக்கூடிய ஓர் அருமையான ஐந்தாம் எண் மட்டையை உருவாக்கியிருக்கிறீர்கள். அதன்மேல் ஐந்து என்று பொறிப்பதில் என்ன தயக்கம்?

தயக்கம் கடையில் இருக்கிறது. வாங்க வருபவன் தன் பழைய ஏழையும் புதிய ஏழையும் திரைமுன் அடித்துப் பார்க்கிறான். திரை பதினைந்து கஜம் கூடுதல் என்கிறது. பணப்பை திறக்கிறது. எங்கள் துறையிலும் இது தெரிந்த வித்தைதான். முன்பு அறுபது வாங்கியிருக்கக்கூடிய விடைத்தாளுக்கு இன்று எண்பத்தைந்து போடுகிறோம். பிள்ளை மகிழ்கிறான், பெற்றோர் மகிழ்கிறார்கள், ஒரு பத்தி பிழையின்றி எழுத வராதென்பது வேலைக்குப் போன இடத்தில் தெரியவருகிறது. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதால்தான் மட்டையின் பொய் இவ்வளவு உறுத்தியது போலும்.

பொய்யின் செலவு அங்கே முடிவதில்லை. ஏழு 28 பாகை என்றால் ஐந்து 21ஐ ஒட்டி வந்துவிடும். அது பழைய மூன்றாம் எண். பெரும்பாலான அமெச்சூர்களால் அடிக்க இயலாமல் ஹைபிரிட் மட்டைகளுக்கு இடம்விட்டு ஒழிந்த அதே மட்டை, பெயர் மாற்றிக்கொண்டு பைக்குள் திரும்பியிருக்கிறது. மறுமுனையில், ஒருகாலத்தில் 48, 50 பாகையில் இருந்த பிட்சிங் வெட்ஜ் 43க்கு இறங்கிவிட்டது. மணற்குழிக்கான சாண்ட் வெட்ஜ் மட்டும் 56இலேயே நிற்கிறது. மணலிலிருந்து பந்தை எழுப்ப வேறு வழியில்லை. நடுவில் பதின்மூன்று பாகைப் பள்ளம். அதை நிரப்பக் ‘கேப் வெட்ஜ்’ என்று இன்னொன்றை விற்கிறார்கள். ஓட்டையையும் அவர்களே போட்டு, ஒட்டுத்துணியையும் அவர்களே விலைக்குத் தருகிறார்கள். பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என்பது 1938இல் அமெரிக்கச் சங்கம் வகுத்த விதி. அதன்படி ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை வீட்டில் விட வேண்டும்.

விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அளக்கிறார்கள். முகத்தின் துள்ளலை அளக்கிறார்கள். பள்ளக் கோடுகளின் வடிவை 2010 முதல் இறுக்கினார்கள். 2023 டிசம்பரில் பந்து பறக்கும் தூரத்தையே குறைக்க முடிவெடுத்தார்கள். மட்டையில் பொறித்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மட்டும் எந்த விதியும் சொல்வதில்லை. பழைய ஸ்காட்லாந்துக்காரர்கள் மாஷி, நிப்லிக், கிளீக் என்று பெயரிட்டிருந்தார்கள். பெயர்கள் துல்லியம் பேசவில்லை, ஆகவே ஏமாற்றவும் இல்லை. எண்ணோ அளவின் தோரணையில் வருகிறது.

இத்தனைக்கும் தீர்வு அதே பையில் இருக்கிறது. டிரைவரின் அடியில் 10.5 என்று பாகையையே பொறிக்கிறார்கள். வெட்ஜில் 52, 56, 60 என்று வெளிப்படையாக இருக்கிறது. நடுவில் உள்ள இரும்பு மட்டைகளுக்கு மட்டும் இந்தப் புனைபெயர் எதற்கு? எண்ணை எடுத்துவிட்டுப் பாகையைப் பொறியுங்கள். 28ஐயும் 36ஐயும் ஒப்பிட்டு எவனும் மார்தட்ட மாட்டான். விற்பனை சற்றுக் குறையும்.

அவர்கள் செய்யும்வரை காத்திருக்காமல் நான் வெள்ளை எனாமல் வாங்கி, ஒவ்வொரு மட்டையின் பின்புறமும் அதன் பாகையை எழுதிவிட்டேன். நண்பருக்கு எரிச்சல், விருந்தாளி கிளப்புக்குள் சுவரெழுத்து வேலை பார்க்கிறான் என்று. பெரியவர் இப்போது “சார், முப்பத்தெட்டு எடுக்கட்டுமா?” என்று கேட்கிறார். போன ஞாயிறு அது 115 கஜம் போய், விழுந்த இடத்திலேயே நின்றது.